கெடுவுக்கு முன்பே வீட்டைக் காலி செய்வது

பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் குடிவந்த ஐந்தாவது மாதத்தில் மாற்றல் உத்தரவு வரும். அல்லது ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும், கல்யாணம் நிச்சயமாகும், பிள்ளைக்கு நகரின் மறு கோடியில் இருக்கும் பள்ளியில் இடம் கிடைக்கும். வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டும். அட்வான்ஸோ வீட்டுக்காரர் கையில். இந்த இடத்தில் பலர் பயந்துபோய், சாமான் ஏற்றும் வண்டிக்குச் சொல்லிவிட்ட பிறகு கடைசி வாரத்தில் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்கிறார்கள். வேறு சிலர், அவர் கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டு, போனது போகட்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டியதில்லை. சென்னையிலும் தமிழ்நாட்டின் மற்ற நகரங்களிலும் இந்தப் பேச்சைச் சேதம் இல்லாமல் முடிக்க வழி இருக்கிறது.

முதலில் எதிரில் இருப்பவரின் கவலையைப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் பத்திரத்தைக் காட்டிப் பேசினாலும் அவர் மனதில் ஓடுவது இரண்டு விஷயங்கள்தான். வீடு எத்தனை மாதம் பூட்டிக் கிடக்கும் என்பது ஒன்று. உங்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது என்பது இன்னொன்று. வாங்கிய அட்வான்ஸை அப்படியே வங்கியில் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் குறைவு. மேல்மாடி கட்டியிருப்பார், மகளுக்கு நகை எடுத்திருப்பார், வீட்டுக்கடனில் கட்டியிருப்பார். அடுத்துக் குடிவருபவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். ஆகவே ‘எனக்கு என்ன உரிமை’ என்று ஆரம்பிக்காமல், ‘வீடு காலியாகக் கிடக்காது, பணத்துக்கும் உங்களுக்கு நெருக்கடி வராது’ என்று காட்டிக்கொண்டு போனால் பத்திரத்தில் உள்ள வரி தானாகவே இளகும்.

பத்திரத்தில் என்ன இருக்கிறது

பேசப் போகும் முன் ஒப்பந்தத்தை முழுதாக ஒரு முறை படித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். மூன்று இடங்களைத் தேடுங்கள்.

நோட்டீஸ் பற்றிய வரி முதலாவது. ‘இரு தரப்பில் எவர் விரும்பினாலும் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து’ என்று பொதுவாக எழுதியிருந்தால் உங்களுக்குச் சிக்கலே இல்லை. கெடு பதினோரு மாதம் என்று போட்டிருந்தாலும், நோட்டீஸ் கொடுத்து விலக அந்த வரியே அனுமதி தருகிறது. அடுத்தது லாக்-இன். ‘முதல் ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் மீதி மாத வாடகையைத் தர வேண்டும்’ என்பது போன்ற வரிகள் ஐடி நிறுவனங்கள் நிறைந்த பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் இப்போது அதிகம் காணப்படுகின்றன. மூன்றாவது, அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பற்றிய வரி. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று போட்டிருக்கிறதா, அல்லது வாய்மொழியாக மட்டும் சொல்லப்பட்டதா என்று பாருங்கள்.

எழுத்தே இல்லாமல் மாத வாடகைக்கு இருப்பவர்கள், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 106ஆம் பிரிவின்படி பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகலாம். ஆனால் பதினைந்து நாளில் யாருக்கும் புதுக் குடித்தனம் கிடைக்காது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அந்த அவகாசத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

லாக்-இன் வரி இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவு சொல்வது இது: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகை மேல்வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 73ஆம் பிரிவின் விளக்கம், நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வாடகை வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், நீங்கள் போன இருபதாம் நாள் புதுக் குடித்தனம் வந்துவிட்டபோது, மீதி ஐந்து மாத வாடகையையும் உங்களிடம் கேட்பது நிற்காது. ஒரே வீட்டுக்கு இரண்டு பேரிடம் வாடகை வாங்க முடியாது. இதை வீட்டுக்காரரிடம் பிரிவு எண்ணோடு சொல்ல வேண்டியதில்லை. பேச்சு முறுகும்போது தளராமல் இருக்க இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. இதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாகப் பேசி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்பது கடினம்.

வீடே வாழ முடியாத நிலைக்குப் போயிருந்தால் கதை வேறு. கூரை ஒழுகிக் கரண்ட் அடிக்கிறது, கழிவுநீர் வீட்டுக்குள் ஏறுகிறது, எழுதிக் கேட்டும் வீட்டுக்காரர் சரிசெய்ய மறுக்கிறார் என்றால், எழுத்து மூலம் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேற இதே சட்டம் வழி விடுகிறது. பழுதைப் படம் எடுத்து, தேதியோடு எழுதிக் கேட்ட சான்று மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

எந்த மாதத்தில் காலி செய்கிறீர்கள்

வழக்கறிஞர்கள் சொல்லாத ஒரு விஷயம் இது. அனுபவத்தில் பத்திரத்தைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். நம் ஊரில் வீடு மாறுவதற்குப் பருவம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். சிலர் புரட்டாசியையும் பங்குனியையும்கூடத் தவிர்ப்பார்கள். ஜூலை நடுவில் நீங்கள் சாவியைக் கொடுத்தால், ஆவணி பிறக்கும்வரை டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒரு மாத வாடகையை அவர் கேட்பது பேராசை ஆகாது, அந்த ஒரு மாதம் அவருக்கு உண்மையாகவே நஷ்டம்.

முடிந்தால் உங்கள் தேதியைப் பத்துப் பதினைந்து நாள் முன்னே தள்ளிப் பாருங்கள். ஆனி முடிவதற்குள் வீட்டைக் காட்டும் நிலைக்குக் கொண்டுவந்தால், புதிதாக வருபவர்கள் ஆனியிலேயே ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களைப் பிறகு கொண்டுவருவார்கள். இப்படிச் செய்பவர்கள் நிறைய. மார்கழிக்கும் இதே கணக்குதான். தை பிறந்ததும் வீடு தேடுபவர்கள் கூடுவார்கள், ஆகவே ஜனவரி மூன்றாம் வாரம் சாவி தருவதாகச் சொன்னால் வீட்டுக்காரருக்கும் அது வசதி. பள்ளிகள் சூழ்ந்த பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் வீடுகள் வேகமாகப் போகும். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும் தனியாகத் தங்கி வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் இந்த மாதக் கணக்கு கிடையாது. ஆடியிலும் வரத் தயாராக இருப்பவர்கள் அவர்கள்தான். புதுக் குடித்தனம் தேடும்போது இதை மறக்காதீர்கள்.

பேச்சை ஆரம்பிப்பது

போனில் சொல்லாதீர்கள். வீட்டுக்காரர் கீழ் வீட்டில் இருந்தால் சாயங்காலம் இறங்கிப் போய்ச் சொல்லுங்கள். வெளியூரில் இருந்தால் முதலில் போனில் நேரம் கேட்டுக்கொண்டு, நிதானமாகப் பேசுங்கள். அன்றிரவே பேசியதை வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்பிவிடுங்கள். அந்த மாத வாடகையைச் செலுத்திய பிறகு பேசுவது நல்லது. பாக்கி வைத்துக்கொண்டு சலுகை கேட்டால் பேச்சு பாக்கியைச் சுற்றியே நிற்கும்.

நவம்பர் கடைசியில் ஒரு பேச்சு எப்படிப் போகலாம் என்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவர் வேலைக்குப் போகும் பெண், வீட்டுக்கார அம்மா கீழ்த் தளத்தில் இருக்கிறார்.

“ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லணும். எனக்குக் கோயம்புத்தூருக்கு மாத்தல் வந்திருக்கு. தை மாசம் அங்க போய்ச் சேரணும்.”

“என்னம்மா இப்படித் திடீர்னு குண்டைத் தூக்கிப் போடறே? பதினோரு மாசம்னுதானே எழுதினோம்?”

“ஆமா ஆன்ட்டி, எழுதினதை நான் இல்லேன்னு சொல்லலை. அதனாலதான் மெயில் வந்த அன்னிக்கே உங்ககிட்ட வந்தேன். ஜனவரி கடைசி வரைக்கும் வாடகை நான் கொடுத்துடறேன். பொங்கல் முடிஞ்சதும் இருபதாம் தேதிக்கெல்லாம் வீட்டை ஒழிச்சுக் கொடுத்துட்டா, நீங்க பெயின்ட் அடிக்கவும் சரியா இருக்கும்.”

“அதுக்கப்புறம் யாரு வருவா? போன தடவை மூணு மாசம் பூட்டியே கிடந்துது.”

“எங்க ஆபீஸ்ல ரெண்டு குடும்பம் இந்தப் பக்கம் வீடு தேடுறாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரட்டுமா? நீங்க பார்த்துப் பேசுங்க. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

“அட்வான்ஸ் மொத்தமா இப்பக் கேட்டா என்கிட்ட இல்லம்மா.”

“இப்ப வேண்டாம் ஆன்ட்டி. ஜனவரி வாடகையை அதுல கழிச்சுக்குங்க. மீதி, புதுசா வரவங்க கொடுத்ததும் தாங்க. ஆனா சாவி கொடுத்த ஒரு மாசத்துக்குள்ளன்னு வெச்சுக்கலாமா?”

அந்தப் பெண் பத்திரத்தை மறுக்கவில்லை. தேதியை அவர் சொன்னார், அந்தத் தேதி தை மாதத்தில் விழுந்தது. ஆள் பிடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டவர், தேர்வை வீட்டுக்கார அம்மாவிடமே விட்டார். அட்வான்ஸ் பேச்சு வந்ததும் அவசரம் காட்டாமல், கெடுவை மட்டும் போட்டுக்கொண்டார். ‘எழுதினதை நான் இல்லேன்னு சொல்லலை’ என்ற வாக்கியம் இங்கே பெரிய வேலை செய்கிறது. தன் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் இறங்கி வருவார்கள்.

ஆள் கூட்டிக்கொண்டு வரும்போது ஒரு எல்லையைத் தாண்டாதீர்கள். புதியவரிடம் நீங்களாக அட்வான்ஸ் வாங்காதீர்கள், சாவியையும் நேராகக் கொடுக்காதீர்கள். அது உள்வாடகை ஆகிவிடும். வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது தவறு, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் இது ஒன்றே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

நீங்கள் கூட்டிவந்த குடும்பத்தை அவர் வேண்டாம் என்றால்? வாடகை தர இயலாதவர்கள் என்று கருதினால் அது அவர் உரிமை. ஆனால் என்ன மதம், என்ன சாப்பிடுவீர்கள், எந்த ஊர்க்காரர் என்று கேட்டு நல்ல குடும்பங்களைத் திருப்பி அனுப்புவது நம் நகரங்களில் இன்றும் நடக்கிறது. மனதை வருத்தும் விஷயம் இது. அப்படித் திருப்பி அனுப்பிவிட்டு வீடு காலியாகக் கிடக்கிறது என்று உங்களிடம் கணக்குக் கேட்டால் அதை ஏற்க வேண்டியதில்லை. யார், எந்தத் தேதியில் வந்து பார்த்தார்கள், எவ்வளவு வாடகைக்குத் தயாராக இருந்தார்கள் என்று அவ்வப்போது வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் தகவலாக அனுப்பி வையுங்கள். நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ஒரு வீட்டு வாடகையை வைத்தே மருந்தும் மளிகையும் வாங்கும் முதியவர்கள் பல தெருக்களில் உண்டு. அப்படிப்பட்டவரிடம் சட்டத்தின் கடைசி வரிவரை பேசி ஒரு மாத வாடகையை மிச்சம் பிடிக்காதீர்கள். கொடுத்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்

மேலே சொன்ன பெண்ணின் வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் ஐந்து மாதத்துக்கு 90,000 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் பாக்கி நான்கு மாதம். கோபத்தில் வீட்டுக்காரர் 72,000 கேட்கலாம். நேராக மறுக்காமல், உண்மையான நஷ்டம் என்ன என்று அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். வீடு அரை மாதம் பூட்டிக் கிடந்தால் 9,000. நீங்களே ஆள் கொண்டுவந்தால் புரோக்கர் கமிஷன் இல்லை.

பெயின்டிங் பணத்தில்தான் பெரும்பாலும் சண்டை வரும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய், சுவிட்சு, பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் வாடகைதாரருடையவை. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். ஒரு மாத வாடகை என்று எழுதியிருந்தால், ஏழே மாதம் இருந்த வீட்டுக்கு முழுத் தொகை பிடிப்பது சரியா என்று கேட்டு, பாதியில் நிறுத்தப் பாருங்கள். ஆணி அடித்த துளைகளை நீங்களே பட்டி பார்த்து அடைத்து, சமையலறைப் பிசுக்கைச் சுத்தம் செய்து வைத்தால் அந்தப் பாதி சுலபமாகக் கிடைக்கும்.

இப்போது கணக்கு: 90,000 ரூபாயில் கடைசி மாத வாடகை 18,000 போக 72,000. காலி நாட்களுக்கு 9,000, பெயின்டிங்குக்கு 9,000 கழித்தால் 54,000. மின்கட்டணம் 1,400 என்றால் கைக்கு வர வேண்டியது 52,600. நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால், சாவி கொடுக்கும் நாள் இடையில் விழும். அன்றைய மீட்டர் எண்ணைப் படம் எடுத்து இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு மூன்று மாத வாடகையை நிறுத்திவிட்டு ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று தானாகச் சொல்வது நிறையப் பேர் செய்யும் காரியம். பேசி ஒப்புக்கொண்டு செய்தால் இது இருவருக்கும் நல்லது, அவருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை குறையும், உங்களுக்கு வர வேண்டியது பத்திரமாகும். கேட்காமல் செய்தால் நீங்கள் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள். அட்வான்ஸ் முழுவதையும் கழிக்கச் சொல்லவும் வேண்டாம். ஒரு மாத வாடகையாவது அவர் கையில் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர்கள், குடியிருப்பின் கடைசி மாத வாடகையில் வருமான வரிப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் பணத்தைக் குறைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

லீஸ் வீடு

மாத வாடகை இல்லாமல் ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் லீஸ் அல்லது ஒத்தி வீட்டில் கெடுவுக்கு முன்னால் விலகுவது மிகவும் சிரமம். இங்கே வீட்டுக்காரருக்கு வாடகை நஷ்டம் கிடையாது. மொத்தத் தொகையையும் ஒரே நாளில் புரட்ட வேண்டியிருப்பதே அவர் பிரச்சினை. குறைந்தது மூன்று மாதம் முன்னால் பேசுங்கள். அதே தொகைக்கு அடுத்த லீஸ்காரரைத் தேடுங்கள், அல்லது வீட்டை வாடகைக்கு மாற்றி அதற்கான அட்வான்ஸோடு அவர் மீதியைப் புரட்ட அவகாசம் கொடுங்கள். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முழுப் பணமும் கைக்கு வரும்வரை சாவி உங்களிடம்தான் இருக்க வேண்டும். ‘நீங்க காலி பண்ணுங்க, பத்து நாள்ல அனுப்பிடறேன்’ என்பது எத்தனை நல்லவர் வாயிலிருந்து வந்தாலும், சாமான் போன பிறகு உங்கள் பிடி போய்விடும். புதியவர் பணம் கொண்டுவரும் நாளிலேயே, மூவரும் இருக்கும் இடத்தில், வங்கி மூலம் உங்கள் கணக்குக்கு மாறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

பேசியதை எழுதுவது

ஒத்துக்கொண்டதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நீண்ட வாசகம் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்:

‘இன்ன தேதியில் நாம் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தத்தை, இரு தரப்பின் சம்மதத்துடன் வரும் ஜனவரி 31ஆம் தேதியோடு முடித்துக்கொள்கிறோம். அட்வான்ஸ் தொகை 90,000 ரூபாயில் ஜனவரி வாடகை 18,000, காலி நாட்களுக்கு 9,000, வர்ணம் பூச 9,000, சாவி ஒப்படைக்கும் நாள்வரை மின்கட்டணம் ஆகியவை போக மீதித் தொகையை, சாவி பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் வாடகைதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்த உரிமையாளர் சம்மதிக்கிறார். ஒப்பந்தத்தின் மீதிக் காலத்துக்கு ஒருவர் மற்றவரிடம் வேறு எந்தத் தொகையும் கோருவதில்லை.’

கடைசி வாக்கியம் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். பிறகு வரும் கோரிக்கைகளை அடைப்பது அதுதான்.

சாவி கொடுக்கும் நாளில் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். குழாய்களைத் திறந்து காட்டுங்கள், ஃபேன், ட்யூப்லைட், கீசர் எல்லாம் ஓடுவதைக் காட்டுங்கள். எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி வாங்குங்கள். ஒப்பந்தம் வாடகை ஆணையத்தில் பதிவாகியிருந்தால், குடியிருப்பு முடிந்துவிட்டது என்பதை அங்கும் தெரிவித்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழிந்தும் பணம் வராவிட்டால் முதலில் எழுத்தில் நினைவூட்டுங்கள், கையெழுத்திட்ட தாளின் நகலை இணைத்து. அதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பலர் இதிலேயே பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அடுத்ததாக, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்கு போடுவதற்கு முன்பே சமரசம் செய்துவைக்கும்படி மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. இரு தரப்பும் அங்கே ஒத்துக்கொண்டு லோக் அதாலத்தில் பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும் அவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள். வீட்டுக்காரரின் முகவரியும் போன் எண்ணும் மாறுவதற்குள், முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.